கறை படிந்த நோட்டுதான் அசல்

தமிழ்நாட்டில் வேதியியல் படிக்கும் கல்லூரி மாணவர் எவரிடமும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று அப்சர்வேஷன் நோட்டு: ஓரம் மடங்கி, பெர்மாங்கனேட் சிந்திய இடம் பழுப்பேறி, நின்றுகொண்டே கிறுக்கிய எழுத்தோடு கிடக்கும். இன்னொன்று ரெக்கார்டு: கெட்டி அட்டை, பழுப்புத்தாள் உறை, பெயர் லேபிள்; கோடில்லாத இடப்பக்கத்தில் பென்சிலால் அட்டவணையும் கணக்கும், கோடு போட்ட வலப்பக்கத்தில் பேனாவால் நோக்கம், தத்துவம், செய்முறை, முடிவு. முதல் பக்கத்தில் துறைத்தலைவர் கையெழுத்திடும் சான்றிதழ். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் இந்த ரெக்கார்டுக்குத்தான். தேர்வு முடிந்ததும் அப்சர்வேஷன் நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

ரெக்கார்டு எழுதப்படுவது ஆய்வகத்தில் அல்ல. விடுதி அறையில், பெரும்பாலும் சீனியர் ஒருவருடைய ரெக்கார்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில். அதனால் அதில் எந்தச் சோதனையும் தோற்றதே இல்லை. எந்தப் பியூரெட்டும் ஒழுகியதில்லை, எந்த வீழ்படிவும் நிறம் மாறிக் குழப்பியதில்லை. உலகெங்கும் வேதியியலாளர்கள் ஆய்வக நோட்டு என்று எதைச் சொல்கிறார்களோ அது நம் ஊரில் பேப்பர்காரரிடம் போகிற அந்த முதல் நோட்டுதான். நாமோ மதிப்பெண் போடுவது பிரதிக்கு.

பழைய மளிகைக் கடைகளில் சிட்டை, பேரேடு என்று இரண்டு வைத்திருப்பார்கள். சரக்கு கைமாறிய நிமிடத்தில் எழுதுவது சிட்டை. பிறகு சாவகாசமாக ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. கணக்கில் தகராறு வந்தால் பேரேட்டை மூடி வைத்துவிட்டுச் சிட்டையைத்தான் புரட்டுவார்கள். ஆய்வக நோட்டு சிட்டை வகையைச் சேர்ந்தது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று இன்னும் தெரியாத நேரத்தில் எழுதப்படுவதுதான் அதன் பலம்.

நம் மாணவர்கள் எல்லாருக்கும் பழகிய சோதனை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பெரஸ் அம்மோனியம் சல்பேட்டைக் கொண்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் திறனைக் கண்டுபிடிப்பது. ரெக்கார்டில் இது ஒரே மாதிரிதான் இருக்கும்: 20 மி.லி. பெரஸ் கரைசலைப் பிப்பெட்டால் எடுத்து, சம அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மறையாத இளஞ்சிவப்பு வரும்போது நிறுத்துக. ஒத்த அளவீடுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்க. கீழே மூன்று வரி அட்டவணை. மூன்றும் பூஜ்யத்தில் தொடங்கி 19.8-இல் முடியும்.

இதே சோதனை ஒழுங்கான ஆய்வக நோட்டில் எப்படி இருக்கும்? மேலே தேதி, பக்க எண், தொடங்கிய நேரம், கூடச் செய்த தோழியின் பெயர். எடை: 9.83 கிராம், எந்தத் தராசு என்பதோடு. 250 மி.லி. அளவுக் குடுவையில் கரைத்தது. அமிலம் கலந்த நீரில் கரைத்தது. கரைத்த நேரம் காலை 10.20. 9.8035 கிராம் எடுத்திருந்தால் சரியாக 0.1 நார்மல் வந்திருக்கும். இவர் எடுத்தது கொஞ்சம் கூடுதல், எனவே 0.1003 நார்மல். இந்தக் கணக்கும் அங்கேயே, அழிக்காமல். பெர்மாங்கனேட் பாட்டிலின் லேபிளில் இருந்த தயாரித்த தேதி. பிறகு அளவீடுகள். முதல் முறை 0.00-இலிருந்து 20.40 வரை, பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘குழாயைத் திருப்பியதில் கூடுதலாக விழுந்துவிட்டது, நிறம் இளஞ்சிவப்பு அல்ல, ஊதா.’ இரண்டாம் முறை 0.15-இலிருந்து 20.00 வரை, அதாவது 19.85. மூன்றாம் முறை பியூரெட்டை மறுபடி நிரப்பாமல் 20.00-இலிருந்து 39.90 வரை, அதாவது 19.90. இன்னொரு வரி: ‘கரைசல் அடர்நிறம், பிறையின் அடிப்பகுதி தெரியவில்லை, மேல் விளிம்பைப் பார்த்து எடுத்தேன், எல்லா முறையும்.’

அந்தக் கடைசி வரியைப் பெரும்பாலான மாணவர்கள் எழுத மாட்டார்கள். நிறமற்ற கரைசலில் பிறையின், அதாவது வளைந்த மேற்பரப்பின், அடியைப் பார்ப்பதும் பெர்மாங்கனேட்டில் மேல் விளிம்பைப் பார்ப்பதும் வாய்மொழியாகச் சொல்லித் தரப்படுகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே விளிம்பைப் பார்த்தால் கழித்தலில் வித்தியாசம் அடிபட்டுப் போகும். ஒருமுறை அடியையும் மறுமுறை மேலையும் பார்த்தால் விடை கெட்டுவிடும். நோட்டில் எழுதியிருந்தால் மட்டும்தான், கெட்டது எதனால் என்று பிற்பாடு பிடிக்க முடியும்.

நேரத்தை எழுதுவதற்கும் காரணம் உண்டு. பெரஸ் இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனால் மெல்ல மெல்லப் பெரிக் ஆகிவிடும். காலையில் கரைத்து வைத்ததை மாலை பேட்ச் எடுத்துச் செய்தால் பெர்மாங்கனேட் சற்றுக் குறைவாகச் செலவாகலாம். பெர்மாங்கனேட்டும் அப்படியே நிற்பதில்லை. வெளிச்சத்திலும் தூசியிலும் சிதைந்து, பாட்டிலின் அடியில் பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு படியும். அதனால்தான் அதைப் பழுப்புநிறப் பாட்டிலில் வைக்கிறார்கள். இனி அமிலம். ‘நீர்த்த அமிலம் சேர்த்தேன்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது எந்த அமிலம்? கந்தக அமிலத்துக்குப் பதில் பக்கத்திலிருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டிலை எடுத்திருந்தால், பெர்மாங்கனேட் குளோரைடையும் சேர்த்து ஆக்சிஜனேற்றும், அளவு எகிறும். அமிலமே போதவில்லை என்றால் குடுவையில் பழுப்புக் கலங்கல் வரும். விடை வராமல் மாணவர் விழிக்கும்போது ஆசிரியர் நோட்டை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாலே நோய் தெரிந்துவிட வேண்டும். ‘பெர்மாங்கனேட் விட்டதும் கலங்கியது, பழுப்பு’ என்ற நான்கு சொல் அதற்குப் போதும். ரெக்கார்டில் இந்த நான்கு சொல்லுக்கு இடமே இல்லை.

சரி, பாடத்திட்டச் சோதனையின் விடை எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். விடை தெரியாத சோதனையில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஆர்ப்பாட்டம் நியாயமாகப்படும்.

1785-இல் லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் காற்றிலுள்ள நைட்ரஜன் முழுவதும் ஒரே பொருள்தானா என்று சோதித்தார். பாதரசத்தின் மேல் கவிழ்த்த வளைந்த கண்ணாடிக் குழாயில் காற்றை அடைத்து, ஆக்சிஜன் சேர்த்து, உராய்வு மின் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி மின்பொறியைப் பாய்ச்சினார். உண்டான நைட்ரஜன் ஆக்சைடுகளைக் காரக் கரைசல் உறிஞ்சிக்கொண்டது. மிஞ்சிய ஆக்சிஜனை வேறொரு கரைசலால் நீக்கினார். எல்லாம் முடிந்தபின் குழாயில் ஒரு சின்னக் குமிழி பாக்கி. எவ்வளவு செய்தும் அது போகவில்லை. கண்ணாடியில் ஒட்டிய காற்று என்றோ, குழாயில் கசிவு என்றோ சொல்லி விட்டுவிடக்கூடிய அளவுதான். கேவண்டிஷ் அதை விடவில்லை. எடுத்துக்கொண்ட நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று அளந்து எழுதி வைத்தார். என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. தெரியும் என்று அவர் பாவனை செய்யவும் இல்லை.

நூறு ஆண்டு கழிந்தது. ராலே பிரபு வாயுக்களின் அடர்த்தியைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தார். ஒரே கண்ணாடிக் கோளத்தை நிரப்பும் நைட்ரஜன், காற்றிலிருந்து எடுத்தால் 2.310 கிராம், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்தால் 2.299 கிராம். வித்தியாசம் சுமார் 11 மில்லிகிராம், அரை சதவீதம். முதலில் அவர் கையாண்ட முறையில் அம்மோனியாவின் நைட்ரஜனோடு காற்றின் நைட்ரஜனும் கலந்திருந்தது. அப்போது வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். சராசரி எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ராலே நேர்மாறாக, வித்தியாசத்தைப் பெரிதாக்கப் பார்த்தார்; காற்றைத் தவிர்த்துச் சுத்த ஆக்சிஜனை வைத்துச் செய்தபோதுதான் அது அரை சதவீதம் ஆனது. இதற்கிடையே 1892-இல் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதி, யாருக்காவது காரணம் தெரியுமா என்று வேதியியலாளர்களைக் கேட்டிருந்தார். வில்லியம் ராம்சே சூடான மெக்னீசியத்தின் மேல் நைட்ரஜனைத் திரும்பத் திரும்பச் செலுத்தி உறிஞ்சவைத்தார். மிஞ்சியது புதிய வாயு. 1894-இல் ஆர்கான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. காற்றில் அது 0.93 சதவீதம், நைட்ரஜனும் ஆர்கானும் சேர்ந்த பகுதியில் ஏறக்குறைய 85-இல் ஒரு பங்கு. கையால் சுற்றும் மின் இயந்திரத்தை வைத்துக்கொண்டு கேவண்டிஷ் 120-இல் ஒரு பங்கு என்று எழுதியது எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது பாருங்கள். 1904-இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

கேவண்டிஷ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதர்களைக் கண்டாலே ஒதுங்கும் சுபாவம் அவருக்கு. மின்சாரத்தில் செய்த வேலையில் பெரும்பகுதியை அச்சுக்கே கொடுக்கவில்லை. கட்டுக்கட்டாகக் குறிப்புகள் மட்டும் கிடந்தன. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தன் கடைசி ஆண்டுகளில் அவற்றைப் படித்து, சோதனைகள் சிலவற்றைத் திரும்பச் செய்தும் பார்த்து, 1879-இல் நூலாக வெளியிட்டார். ஓம் பெயரால் நாம் படிக்கும் விதிக்கு ஓமுக்கு முன்பே கேவண்டிஷ் வந்து சேர்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. கருவி இல்லாததால் தன் உடம்பில் பட்ட அதிர்ச்சியை வைத்தே மின்னோட்டத்தை ஒப்பிட்டிருக்கிறார். இறந்து எழுபது ஆண்டு கழித்து வேறொருவர் எடுத்துத் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு அந்தக் குறிப்புகள் தெளிவு.

விதிகள் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தைத்துக் கட்டிய நோட்டு வேண்டும். தாளைக் கழற்றிச் செருகும் ஃபைல் கூடாது. புத்தகம் தைக்கும் பட்டறையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே தன் ஆய்வுக் குறிப்புகளின் பத்திகளுக்கு 1832 முதல் தொடர் எண் போட்டுக்கொண்டே போனார். அது 16,041 வரை வந்து நின்றது. பழைய சோதனையைக் குறிப்பிட வேண்டுமானால் எண்ணைச் சொன்னால் போதும். நாம் பக்க எண்ணாவது முதல் நாளே போட்டுவிடலாம். பால்பாயிண்ட் பேனா நல்லது. பல ஜெல் பேனாக்களின் எழுத்து ஒரு துளித் தண்ணீருக்கே கரைந்து ஓடும். பால்பாயிண்டும் அசிட்டோனிடம் தோற்றுவிடும் என்பதால் அந்தப் பாட்டிலைத் தள்ளி வைப்பது உத்தமம். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு. அடித்தது என்ன என்று கோட்டுக்கு அடியில் படிக்க முடிய வேண்டும். ஏன் அடித்தோம் என்று ஓரத்தில் இரண்டு சொல். ஒயிட்னர் ஆகவே ஆகாது. எடையை வடிதாளின் மூலையிலும் உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டு வந்து பிறகு நோட்டில் ஏற்றுவது நம் ஆய்வகங்களின் தேசிய வழக்கம். வியர்வையில் 3 எட்டாகிப் போன கதைகள் எல்லாத் துறையிலும் உண்டு.

இவற்றையெல்லாம்விடக் கடினமான ஒழுக்கம் ஒன்று இருக்கிறது. கண்டதையும் கண்டதிலிருந்து ஊகித்ததையும் பிரித்து எழுதுவது. நம் உப்புப் பகுப்பாய்வு அட்டவணை இதற்காகவே வடிவமைக்கப்பட்டது: சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தி. நல்ல ஏற்பாடு. ஆனால் மாணவர் எப்படி நிரப்புகிறார் என்று நின்று கவனித்தால் தெரியும். உப்பு குளோரைடு என்று எப்படியோ மோப்பம் பிடித்தாகிவிட்டது. பிறகு மூன்றாம் பத்தியை முதலில் எழுதி, அதற்குத் தோதான காட்சியை இரண்டாம் பத்தியில் எழுதுகிறார். சில்வர் நைட்ரேட் ஊற்றியதும் வந்த வீழ்படிவு சுத்த வெள்ளையா, கொஞ்சம் மஞ்சள் பாய்ந்ததா? குழல்விளக்கு வெளிச்சத்தில் குளோரைடையும் புரோமைடையும் நிறத்தால் மட்டும் பிரிப்பது சுலபமில்லை. அம்மோனியாவில் முழுவதும் கரைந்ததா, பாதிதான் கரைந்ததா, எத்தனை சொட்டுக்கு? ஜன்னலோரம் வைத்த சோதனைக்குழாய் கால்மணியில் சாம்பல் ஊதாவானதா? இதெல்லாம் ‘காண்பன’வில் இருந்தால், முடிவு பிசகியிருந்தாலும் அதே வரிகளை வைத்து அடுத்தவர் சரிப்படுத்திவிடலாம். ‘குளோரைடு உள்ளது’ என்பது மட்டும் இருந்தால் அதை நம்பலாம், அல்லது நம்பாமல் இருக்கலாம். வேறு வழி கிடையாது.

மாணவரைக் குறை சொல்வதில் பாதிக்குமேல் நியாயமில்லை. செய்முறைத் தேர்வில் விழுக்காட்டுப் பிழை கூடக்கூட மதிப்பெண் குறையும். பிழை வந்தது ஏன் என்று சரியாக எழுதியவருக்குத் தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. இந்த நிலையில் 19.85, 19.90 என்று வந்ததை 19.8, 19.8 என்று ஒத்துப்போக வைப்பவரைத்தான் நாம் உருவாக்குவோம். உண்மையில் 0.1 மி.லி. கோடுகள் உள்ள பியூரெட்டில் இரண்டாம் தசம இடத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எழுத வேண்டும். அந்த இலக்கம் முறைக்கு முறை ஆடத்தான் செய்யும். ஆடாத இலக்கத்தைப் பார்த்தால் பழகிய ஆசிரியருக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

இந்தப் பழக்கம் பெரிய இடத்தில் போய் முடிந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யான் ஹெண்ட்ரிக் ஷோன் என்ற இளம் விஞ்ஞானி, கரிமப் பொருள்களால் ஆன டிரான்சிஸ்டர்கள் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டுப் புகழேறிக்கொண்டிருந்தார். வெவ்வேறு சோதனைகள் என்று அவர் காட்டிய வரைபடங்களில் ஒரே மாதிரி இரைச்சல் இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். இரைச்சல் என்பது ஒவ்வொரு அளவீட்டிலும் தற்செயலாக ஆடும் ஆட்டம்; இரண்டு சோதனையில் அது அச்சாக ஒன்றுபோல வராது. விசாரணைக் குழு நோட்டைக் கேட்டது. முறையாக வைத்த ஆய்வக நோட்டு எதுவும் இல்லை. மூலத் தரவுக் கோப்புகளும் அழிக்கப்பட்டிருந்தன. 2002-இல் வந்த அறிக்கை, 24 குற்றச்சாட்டுகளில் 16-இல் அவர் தவறிழைத்ததாகச் சொன்னது. மூன்று வரி அட்டவணையில் மூன்று 19.8 எழுதும் கைக்கும் இதற்கும் தூரம் அதிகம்தான். ஆனால் பாதை அதேதான் என்றே நினைக்கிறேன்.

நோட்டு யாரைக் காப்பாற்றும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் இயற்பியல் படித்துவிட்டுச் சென்னை கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தவர். உணவு இடைவேளையில் மாணவர்கள் எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்று கூட்டம் போடுவாராம். பிறகு கல்கத்தா போய் சி. வி. ராமனோடு சேர்ந்தார். 1928 பிப்ரவரியில், ஒளிச்சிதறலில் நிறம் மாறிய கதிர் பிடிபட்ட அந்த வாரங்களில், அவர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். என்ன திரவம், என்ன பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள் என்று நாள்வாரியாக. ராமன் விளைவு பிப்ரவரி 28 அன்று திடீரென முளைத்ததல்ல, முந்தைய வாரங்களில் படிப்படியாக உறுதிப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்வது பெருமளவு அந்த நாட்குறிப்பை வைத்துத்தான். ராமனுக்குக் கிடைத்த நோபலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் வரும்போதெல்லாம் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இப்போது மருந்து நிறுவனங்களும் பெரிய ஆய்வகங்களும் மின்னணு நோட்டுக்கு மாறிவிட்டன. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதைக் கணினியே பதிந்துகொள்ளும். பழைய எண்ணை அழிக்க முடியாது, மேலே புதியதைச் சேர்க்கத்தான் முடியும். பழைய ஒற்றைக்கோட்டு விதிதான், மென்பொருளாகிவிட்டது. நம் மாணவர்கள் பியூரெட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை, படத்தின் நேரத்தை நோட்டில் குறித்தால் இன்னும் நல்லது. எண்ணை எழுதாமல் படத்தை மட்டும் நம்பினால் தேர்வு முடிவதற்குள் அது திருமண வீட்டுப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

ஆசிரியர்கள் இதற்காகப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை பேட்சின் அப்சர்வேஷன் நோட்டுகளை வியாழக்கிழமை பேட்சிடம் கொடுத்து, வேறு எதையும் பார்க்காமல் அதே கரைசலைத் தயாரித்து அதே தரம்பார்த்தலைச் செய்யச் சொல்லலாம். எந்தத் தராசு, எந்த அமிலம், எத்தனை மணிக்குக் கரைத்தது என்று வியாழக்கிழமைக்காரர்கள் வரிசையாகக் கேட்க ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்விகளை நோட்டின் சொந்தக்காரரே அடுத்த பக்கத்தில் எழுதி, தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதட்டும். தெரியாதவற்றைக் காலியாக விடட்டும். ரெக்கார்டுக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணில் பாதியை இதற்கு மாற்றினால் சீனியரின் ரெக்கார்டுக்குக் கிராக்கி தானாகக் குறையும்.